பன்னிரண்டு நிமிடம் பிடித்து வைத்த செய்தி

நேற்று, வழிகாட்டி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எக்கா, கெஸ்ட்டு ஆனையப் பாக்காமயே திரும்பிப் போனா இன்னா சொல்லி சமாளிக்கறது?" ஒன்றும் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். சூடாக டீ கொடுங்கள், ராகி வடை இருந்தால் ரெண்டு கொடுங்கள், கும்பிடு போட்டு அனுப்பி வையுங்கள். யானை என்ன நம் வீட்டு மாடா, கொட்டகையிலிருந்து அவிழ்த்து வந்து காட்டுவதற்கு? இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறீர்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அதே கேள்வியை வெளியே சொல்லாமல் மனசுக்குள் கேட்டுக்கொண்டு ஏழெட்டு வருஷம் பாறை ஏறியவள் நான். அதனால் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன மாதத்தோடு நான் பாறை ஏறுவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உங்களுக்கு யானையைப் பற்றிச் சொல்லித்தர வனத்துறையிலிருந்து ஆள் வருவார்கள், விருந்தாளியோடு எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரப் பெங்களூரிலிருந்து வருவார்கள். நான் சொல்லப் போவது அவர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஊர்க்காரர்களும் இதை வாய் திறந்து பேசுவதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வண்டிகளுக்கு ஒயரிங் செட் கட்டும் லைன். லைனின் கடைசி டேபிள் என்னுடையது. வருவதைச் சோதித்து, சரியாக இருந்தால் ஓகே முத்திரை. கோளாறு கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே சிவப்பு விளக்கைப் போட வேண்டும். மொத்த லைனும் நின்றுவிடும், சூப்பர்வைசர் வந்து கத்துவார், டார்கெட் போச்சு என்று பக்கத்து டேபிள்காரி முறைப்பாள். எதையும் காதில் வாங்காமல் விளக்கைப் போடுவேன். "சரோஜா கிட்ட ஒண்ணும் வேலைக்காகாது" என்று எனக்கு அங்கே பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு. அதனால்தான் பின்னால் நான் செய்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அந்த லைனில் எனக்குப் பக்கத்து டேபிள் மஞ்சுளா. எங்கள் ஊர்தான். இருட்டோடு எழுந்து, ஏரிக்கரை வழியாக நடந்து, தார் ரோட்டில் கம்பெனி வேனைப் பிடிப்போம். பதினெட்டு வருஷம் அவளோடுதான் அந்தப் பாதையில் நடந்தேன். நான் வேலையை விட்டேன், அவள் விடவில்லை. அவள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்பெனியை விட்டு வந்த சமயத்தில்தான் நம் ஊரில் யானைக் கமிட்டி தொடங்கினார்கள். உங்களில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பனிக்காலத்தில் ராகி முற்றினால் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் சானமாவுக் காட்டுக்கு வந்து இறங்கும். பகல் முழுக்கக் காடு, பொழுது சாய்ந்தால் வயல். நம் ஆட்கள் வெடி வெடிப்பார்கள், தகரம் தட்டுவார்கள். யானையும் சாகும், ஆளும் சாவான். இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று பெங்களூர் இயற்கை அமைப்புக்காரர்கள் சிலர் வந்து, பால் சொசைட்டிச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி ஒரு படம் காட்டினார்கள். கென்யாவில் மசாய் மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, வேலியைப் பிடுங்கி, விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். வழிகாட்டி, டிரைவர், சமையல்காரர் எல்லாம் அந்த ஊர் ஆட்களே. வருகிற வருமானம் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் போகிறது. மாடும் மேய்கிறது, சிங்கமும் நடக்கிறது. படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. சிங்கத்தோடே அவர்கள் குடித்தனம் பண்ணும்போது யானையோடு நம்மால் முடியாதா என்று அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது.

அப்படித்தான் ஏரிக்கு மேல் இருக்கிற பட்டா நிலக்காரர்கள் கம்பி வேலியை எடுத்தார்கள். பாறை மேல் உட்கார இடம் சமன் செய்தோம். காட்டுக்குள் ஒருத்தரையும் அழைத்துப் போவதில்லை. விடியும் நேரத்தில் யானைகள் ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பும், அதைப் பாறையிலிருந்து பார்ப்பது, அவ்வளவுதான். பயிர் போனவர்களுக்குக் கமிட்டியிலிருந்து ஈடு. வெடி நின்றது. மூன்றே வருஷத்தில் யானையைக் கண்டால் கல் எடுத்தவர்கள், "நம்ம கொம்பன் வந்துட்டானா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல காரியம், நம் ஊர் செய்த காரியம்.

அதோடு வாட்ஸ்அப்பில் ஒரு யானை குரூப். பாறை மேல் இருக்கும் வழிகாட்டி யானையைப் பார்த்ததும் போனில் பேசி அனுப்புவது. எழுத்தில் அனுப்பினால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள் என்று குரலில் அனுப்பினோம். முதலில் தமிழ், அப்புறம் கன்னடம், அப்புறம் தெலுங்கு. "ஆனை ஏரிக்கு மேல, ஆறு உருப்படி, தைலத்தோப்புப் பக்கம் யாரும் போக வேணாம்" என்று மூன்று முறை. வழிகாட்டியாகச் சேர்ந்திருந்த நான்தான் பேசுவேன். ஏழெட்டு ஊருக்கு என் குரல் தெரியும். சந்தையில் தக்காளி விலை கேட்டால்கூட, "நீங்க ஆனைக்காரம்மா தான?" என்று கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

குரூப்பில் செய்தி போனால் எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பெரியவர்கள் இருப்பார்கள். வாலிபப் பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக ஏரிக்கே வந்துவிடுவார்கள். வீடியோ எடுக்க வேண்டும். விசில், ஹாரன், கூச்சல். யானைகள் மிரண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் காட்டுக்குள் ஓடிவிடும். பாறை மேல் விருந்தாளிகள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படி நாலைந்து தரம் ஆனதும் ஒரு நாள் நான் இரண்டு நிமிஷம் கழித்து அனுப்பினேன். குட்டி தாயின் காலுக்கிடையில் நின்று தண்ணீர் குடித்ததை அன்றைக்கு விருந்தாளிகள் முழுசாகப் பார்த்தார்கள். ஒரு அம்மா கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யானைக்கும் நிம்மதி. தப்பென்று யார் சொல்வார்கள்?

இரண்டு நிமிஷம் ஐந்தானது. ஐந்து, பத்தானது. கமிட்டியில் யாரும் இதைத் தீர்மானம் போடவில்லை. தலைவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மற்ற இரண்டு வழிகாட்டிகளுக்குத் தெரியும். "கெஸ்ட்டு இருக்காங்களா?" என்று ஒருத்தர் கேட்டால் மற்றவர் போனைக் கீழே இறக்கிவிடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு. லைனில் சிவப்பு விளக்கைப் போடத் தயங்காத அதே கைதான் இது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் பனிக்காலத்தில் கென்யாவிலிருந்து ஒரு மசாய்க்காரர் நம் ஊருக்கு வந்தார். படத்தில் பார்த்த மாதிரி ஒரு முகாமை நடத்துகிறவர், ஐம்பது வயதிருக்கும். அவர்கள் செய்வதை நாம் செய்கிறோம் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். ஊரே திரண்டு போய் நின்றது. ஆளோ பேண்ட், தடி ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். நம் ஓசூர்ப் பனி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்புத் துணி போர்த்து, ஈட்டி பிடித்து, உயர உயரக் குதிப்பார் என்று எதிர்பார்த்த நம் சனத்துக்கு முகம் தொங்கிப்போனது. தலைவர் விடவில்லை. கொஞ்சம் குதித்துக் காட்டச் சொல்லும்மா என்று என்னிடம் சொன்னார். நான் கம்பெனியில் கற்ற இங்கிலீஷில் அதைக் கேட்டே விட்டேன். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர் சிரித்தார். நான் இங்கே விருந்தாளி, இன்றைக்கு நீங்கள்தான் குதிக்க வேண்டும் என்றார். எல்லோரும் சிரித்து முடித்ததும் நிதானமாகச் சொன்னார். அவர்கள் ஊரிலும் முகாமுக்கு வருகிறவர்கள் தினமும் ஆட்டம் கேட்பார்களாம். சடங்குக்கு ஆடுவது வேறு, காட்டுவதற்கு ஆடுவது வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டுப் பிரித்து வைத்தார்களாம். காட்ட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்களுக்கு ஓயாத சண்டை என்றார். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஊரில் சிங்கம் கண்ணில் பட்டால் முதல் போன் மாடு மேய்க்கிறவனுக்குப் போகும். ஜீப் டிரைவருக்கு அப்புறம்தான். மேய்க்கிறவன் பத்திரம் என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும்.

"நாங்களும் அப்படித்தான்" என்றேன் நான். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பொய் சொல்கிறோம் என்று அந்த நேரம் தோன்றவே இல்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

மறுநாள் விடியலில் பாறை மேல் நாங்கள் ஐந்து பேர். அந்த மசாய்க்காரர், அவரை அழைத்து வந்த பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேர், தலைவர், நான். பனி ஏரி மேல் மட்டும் படிந்திருந்தது. ஆறு மணி மூன்று நிமிஷத்துக்குத் தைலத்தோப்பிலிருந்து முதல் யானை வெளியே வந்தது. மணியை நான் பார்த்தேன், ஏனென்றால் போனைக் கையில் எடுத்துவிட்டேன். பெரியவள் முன்னால், நடுவில் குட்டி, பின்னால் மற்றவை. எண்ணினேன், ஆறு. அந்தக் கூட்டத்தோடு ஒரு கொம்பன் திரிகிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாக நானே குரூப்பில் சொல்லியும் இருந்தேன். அன்றைக்கு ஆறோடு எண்ணிக்கையை நிறுத்திவிட்டேன். குட்டியைக் காட்டும் அவசரம்.

பாறைக்கு இடப்பக்கம் யானைகள். வலப்பக்கம் கீழே ஏரிக்கரைப் பாதை. அதில் இரண்டு சின்ன வெளிச்சம் அசைந்து வந்தது. போன் டார்ச். வேனுக்குப் போகிற பெண்கள் என்று தெரியும். யார் என்று தெரியவில்லை. யானைகள் எங்கேயோ இருக்கின்றன, பாதை எங்கேயோ இருக்கிறது, இவர்கள் ரோட்டுக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மசாய்க்காரர் யானையைப் பார்க்கவில்லை. அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அவர்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

"தெரியும், எல்லோருக்கும் மெசேஜ் போகும்" என்றேன்.

அவர் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். போய்விட்டதா என்று கேட்டார்.

நான் பேசுவதற்கு வாயருகே போனைக் கொண்டு போனேன். இது சத்தியம். அப்போது தலைவர் என் முழங்கையை லேசாகத் தொட்டார். "ரெண்டு நிமிஷம் இரும்மா. குட்டி தண்ணியில எறங்கட்டும். எவ்ளோ தூரத்துல இருந்து வந்துருக்காரு மனுசன்."

தலைவர் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அவர் கையைத்தான் தொட்டார், வாயைப் பொத்தவில்லை. போன் என்னிடம் இருந்தது, குரல் என்னுடையது. நான் கையை இறக்கினேன்.

குட்டி தண்ணீரில் இறங்கியது. பெங்களூர்க்காரர்கள் படம் எடுத்தார்கள். நான் மெதுவான குரலில், அதன் வயசு இவ்வளவு இருக்கும், இது பெரியம்மா, இது சித்தி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழே இருந்து சத்தம் வந்தது. அலறல் என்று சொல்வதா என்னவென்று தெரியவில்லை. ஒரே ஒரு தரம், பாதியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு கொம்பன் பிளிறியது.

ஏழாவது யானை எங்களுக்கு வலப்பக்கம், பாதை ஓரத்து மூங்கில் புதரில் நின்றிருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனிமேல் சொல்வதை நான் ஊர்க் கூட்டத்தில்கூட ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறேன். மசாய்க்காரர் பாறை விளிம்புக்கு ஓடி, கைகளை வாயில் குவித்து, மாடு ஓட்டுகிற குரலில் உரக்கக் கத்தினார். திரும்பத் திரும்பக் கத்தினார். தலைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, பட்டனை அமுக்கி, தினமும் பேசுகிற அதே குரலில், "ஆனை ஏரிக்கு மேல, கொம்பன் பாதைகிட்ட, யாரும் வர வேணாம்" என்று தமிழில் சொன்னேன். கன்னடத்தில் சொன்னேன். தெலுங்கில் சொன்னேன். ஆறு பதினைந்துக்கு அது போனது. ஒருத்தரையும் காப்பாற்ற நான் அதை அனுப்பவில்லை. அனுப்பியதாக இருக்க வேண்டும் என்று அனுப்பினேன். மூளை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. அப்படி ஒருத்தி எனக்குள் இருக்கிறாள் என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

கொம்பன் போன பிறகுதான் இறங்கினோம். பாதையில் ஒரு சாப்பாட்டு டப்பா நசுங்கிக் கிடந்தது. ஆளைக் காணோம். தார் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற சிமெண்ட் குழாய் உண்டல்லவா, அதற்குள்ளிருந்து முனகல் கேட்டது. மஞ்சுளா உள்ளே கிடந்தாள். என் மஞ்சுளா. யானை அவளைத் தள்ளித் தூக்கி எறிந்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, விலா எலும்பு இரண்டு போய், சுயநினைவு வருவதும் போவதுமாக இருந்தாள். அவளோடு நடந்து வந்த ஒரிசாப் பெண், லைன் வீட்டில் குடியிருந்து அதே கம்பெனிக்குப் போகிறவள், அவளை இடுப்போடு பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாய்க்குள் நுழைந்திருக்கிறாள். கொம்பன் வெளியே நின்று தும்பிக்கையை உள்ளே விட்டுத் துழாவியதாம். அந்தப் பெண்ணின் முழங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. மெசேஜைக் கேட்டு ஓடி வந்த அவள் வீட்டுக்காரரும் நாங்களும் மஞ்சுளாவைத்தான் தூக்கினோம். விருந்தாளிகள் வந்த ஜீப்பிலேயே ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஜீப்பில் இடம் இல்லை என்று அந்தப் பெண்ணை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

மஞ்சுளாவுக்கு அன்றே ஆபரேஷன். பிழைப்பாளா என்று மறுநாள் வரை டாக்டர்கள் சொல்லவில்லை. ஊரில் கூட்டம் கூடியது. யானையை இங்கே விட்டதே தப்பு, பாறையை மூடு, வேலியைத் திரும்பப் போடு, வெடியை எடு என்று பாதிச் சனம் கத்தியது. இத்தனை வருஷம் கட்டியது ஒரே நாளில் சரியப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது தலைவர் எழுந்து போனை உயர்த்திக் காட்டினார். ஆறு பதினைந்துக்குக் குரூப்பில் எச்சரிக்கை போயிருக்கிறது, நேரம் பதிவாகியிருக்கிறது, கமிட்டி தன் கடமையைச் செய்திருக்கிறது என்றார். கூட்டம் அடங்கியது.

அடுத்து எழுந்தவர் மஞ்சுளாவின் வீட்டுக்காரர். இரண்டு நாளாகத் தூங்காத முகம். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "சரோஜாக்கா மெசேஜ் போட்டதாலதான் நான் எழுந்து ஓடனன். இல்லன்னா எம்பொண்டாட்டி அங்கயே கெடந்து செத்துருப்பா."

கும்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டு நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. திறந்தால் பாறை போகும், கமிட்டி போகும், யானைக்கு மறுபடி வெடி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய்யில்லாத நியாயம்தான். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு நியாயம் ரெடியாக வந்து நிற்கும், பாருங்கள், எவ்வளவு நல்ல நியாயமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

மசாய்க்காரர் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் போனை உயர்த்திக் காட்டியது புரிந்திருக்கும். அன்று மத்தியானம் அவர் ஊருக்குக் கிளம்பினார். வண்டியில் ஏறும் முன் என்னிடம் வந்தார். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. சொல்வாயா மாட்டாயா என்றும் கேட்கவில்லை. அவர்களிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி. மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மஞ்சுளா கண் விழித்திருந்தாள். காலில் கம்பி மாட்டி, எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் அந்த ஒரிசாப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் கட்டு. நைட் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு பகலில் இவளைப் பார்த்துக்கொள்கிறாளாம். நான் உள்ளே வந்ததும் எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள்.

மஞ்சுளா என்னைப் பார்த்ததும் அழுதாள். அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள். "எம்மேலதான் தப்பு, சரோ. முன்னல்லாம் கெளம்பறதுக்கு முன்னாடி தட்டத் தட்டி, நாய் கொலைக்குதான்னு பாத்துட்டுதான் போவம், ஞாபகம் இருக்குதா? இப்ப எதுக்கு? மெசேஜ் வரலன்னா ஆனை இல்லன்னுதான அர்த்தம். அதான் பாட்டு கேட்டுக்கினு போனன்."

இத்தனை வருஷம், செய்தி அனுப்பினால்தான் நான் பேசுகிறேன் என்று நினைத்திருந்தேன். அனுப்பாத ஒவ்வொரு நிமிஷமும் என் குரல் ஏழெட்டு ஊருக்குப் போய், யானை இல்லை, தைரியமாகப் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் காலையில் பன்னிரண்டு நிமிஷம் அப்படிச் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆறு மூன்றுக்கு யானையைப் பார்த்தது, கீழே இரண்டு வெளிச்சம் பார்த்தது, தெரியும் என்று பொய் சொன்னது, அலறலுக்குப் பிறகு அனுப்பியது. ஒன்றையும் விடவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தொங்குகிற எடையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். காறித் துப்புவாள் என்று இருந்தேன்.

மஞ்சுளா என் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். "உடு, சரோ. கீழ வர்றது யாருன்னு உனக்குத் தெரியல. நான்னு தெரிஞ்சிருந்தா நீ கத்தியிருப்ப இல்ல?"

"ஆமாண்டி" என்றேன். உடைந்து அழுதேன். பாவம் எல்லாம் கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அவளும் அழுதாள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு அழுதோம்.

"அக்கா."

திரும்பிப் பார்த்தேன். சுவர் ஓரமாக நின்ற அந்தப் பெண். லைனில் வேலை செய்து நம் தமிழைப் பிடித்திருக்கிறாள், எங்களுக்குத்தான் தெரியவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்கு மறந்துபோன ஒன்றை எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள்.

"அக்கா, அங்க நானும் இருந்துச்சு."

இரண்டு வெளிச்சம் என்று என் வாயால்தானே இப்போது சொன்னேன். மஞ்சுளா என் கையை விட்டுவிட்டாள். வேண்டுமென்று விட்டாளா, பலமில்லாமல் விட்டாளா, தெரியாது. நான் அந்தப் பெண்ணிடம், "உம் பேர் இன்னாம்மா?" என்று கேட்டேன். மூன்று வருஷம் நம் ஊரில் குடியிருந்தவள், பாறைக்குக் கீழே தினமும் நடந்தவள். சபிதா என்றாள். குரூப்பில் அவள் இல்லை. அந்த லைன் வீடுகளில் ஒருத்தர்கூட இல்லை, யாரும் சேர்க்கவில்லை.

மறுநாள் கூட்டம் போடச் சொல்லி எல்லோர் முன்னாலும் சொன்னேன். என்னைப் பேசாத பேச்சில்லை, பேசட்டும். பாறை ஒரு வருஷம் மூடிக் கிடந்து திறந்தது. இப்போது நாலாவது பாஷையாக ஒரியாவில் செய்தி பேசுகிறது சபிதாவின் குரல், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அதனால் கெஸ்ட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பாறை மேல் நிற்கும்போது கீழே ஒரு வெளிச்சம் அசைந்தால், யாராக இருக்கும் என்று உற்றுப் பார்க்காதீர்கள். யாராக இருந்தாலும் முதலில் அனுப்புங்கள்.